ஒளியிழைக் கீற்றணி: விலை இறங்கிய வரலாறு

ஒளியிழையின் உள்ளகத்தில் ஒளிவிலகல் எண் சீரான இடைவெளிகளில் ஏறி இறங்கும்படி மாற்றப்பட்ட சிறு பகுதியே ஒளியிழைக் கீற்றணி. அதன் முதல் வகையான பிராக் கீற்றணி, இழைவழியே வரும் ஒளியில் குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றவற்றைப் போகவிடும். தொலைத்தொடர்பில் வழங்கும் 1550 நானோமீட்டர் ஒளியைத் திருப்ப, வரிகளின் இடைவெளி ஏறத்தாழ 0.535 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் 18,000-க்கும் மேற்பட்ட வரிகள் பிசகாமல் அமைய வேண்டும். கண்ணாடி இழை மலிவு. இந்த ஒழுங்குதான் விலை கூடியது. அதை எங்கே, எதைக்கொண்டு காப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளே கீற்றணித் தயாரிப்பின் வரலாறு.

முதல் கீற்றணி ஏறக்குறையத் தானாகவே விளைந்தது. 1978-இல் கனடாவின் ஒட்டாவாவில் உள்ள தகவல்தொடர்பு ஆய்வு மையத்தில் கென்னத் ஹில்லும் உடன் பணியாற்றியவர்களும் ஜெர்மானியம் கலந்த இழைக்குள் ஆர்கான் லேசரின் ஒளியைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். நேரம் ஆக ஆக, இழையிலிருந்து திரும்பி வரும் ஒளி கூடிக்கொண்டே போனது. இழையின் மறுமுனையில் சுமார் 4 சதவீத ஒளி எதிரொளிக்கிறது. அது முன்னே செல்லும் ஒளியோடு சேர்ந்து நிலையலையாகிறது. அந்த அலையின் வடிவம் கண்ணாடியிலேயே பதிந்துவிடுகிறது. மறைப்புத் தகடோ கண்ணாடி அமைப்போ எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் எழுதிய ஒளியின் நீல, பச்சை அலைநீளத்தில்தான் அந்தக் கீற்றணி வேலை செய்தது. தொலைத்தொடர்புக்கு அது பயன்படாது. எளிமையான முறை கையில் இருந்தும் இத்துறை பத்தாண்டுகளுக்கு மேல் தேங்கி நின்றதற்கு இதுவே முக்கியக் காரணம்.

1989-இல் அமெரிக்காவின் யுனைடெட் டெக்னாலஜிஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த மெல்ட்ஸ், மோரி, க்ளென் ஆகியோர் இழையின் பக்கவாட்டிலிருந்து எழுதினார்கள். 244 நானோமீட்டர் புறஊதா ஒளியை இரு கற்றைகளாகப் பிரித்து, இழையின்மேல் குறுக்கிடச் செய்தால் வரிகள் விழும். கற்றைகளுக்கு இடையிலான கோணத்தை மாற்றினால் வரி இடைவெளியும் மாறும். வேண்டிய அலைநீளத்துக்குக் கீற்றணி கிடைக்கும். செலவு இங்கேதான் ஏறியது. இடத்திலும் காலத்திலும் ஒத்திசைவுள்ள புறஊதா லேசர் வேண்டும். அதிர்வு தாங்கும் மேசை வேண்டும். எழுதும்போது கற்றையைத் திருப்பும் ஒரு கண்ணாடி கால் மைக்ரோமீட்டர் அசைந்தாலும் வரிகள் அழிந்துபோகும். ஆய்வகத்துக்கு இது போதும், தொழிற்சாலைக்குப் போதாது.

1993-இல் நிலைமை மாறியது. ஹில்லின் குழு ஃபேஸ் மாஸ்க் எனும் சிலிக்காத் தகட்டைப் பயன்படுத்தியது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தாரும் அதே காலத்தில் அதே வழியில் வந்தார்கள். தகட்டின் மேற்பரப்பில் நுண்பள்ளங்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பள்ளங்களின் ஆழம் சரியாக இருந்தால், நேராகச் செல்லும் ஒளி பெரும்பாலும் அடங்கி, இருபுறமும் விலகும் கற்றைகளே ஓங்கும். அவை தகட்டுக்கு அடுத்தே குறுக்கிட்டு, பள்ள இடைவெளியில் சரிபாதி இடைவெளியுள்ள வரிகளை இழையில் பதிக்கும். துணிக்கு அச்சுக்கட்டை எப்படியோ, கீற்றணிக்கு இந்தத் தகடு அப்படி: செதுக்கும் செலவு ஒருமுறைதான். வரி இடைவெளியைத் தகடே தீர்மானிப்பதால் ஒளியின் அலைநீளம் சற்று முன்பின்னாக இருந்தாலும் பாதகமில்லை; லேசரின் ஒத்திசைவும் உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டியதில்லை. இந்தூரின் ராஜா ராமண்ணா மேம்பட்ட தொழில்நுட்ப மையத்தில் தாமிர ஆவி லேசரின் பச்சை ஒளியை 255 நானோமீட்டர் ஒளியாக மாற்றிக் கீற்றணி எழுதியிருக்கிறார்கள். தகட்டு முறையின் குறை ஒன்றுதான்: தகட்டுக்கு ஓர் அலைநீளம். இழையை இழுத்துப் பிடித்து எழுதினால் சில நானோமீட்டர் நகர்த்தலாம், அவ்வளவே.

இழையின் விலையும் அதே ஆண்டில் இறங்கியது. அதுவரை ஜெர்மானியம் மிகுந்த தனி இழைகளே புறஊதா ஒளிக்கு நன்கு இணங்கின. பெல் ஆய்வகத்தின் லெமெய்ரும் குழுவினரும் சாதாரணத் தொலைத்தொடர்பு இழையை உயர் அழுத்த ஹைட்ரஜனில் பல நாட்கள் ஊறவைத்தார்கள். இணக்கம் பல மடங்கு பெருகியது. ஒட்டாவாக்காரர்கள் இன்னும் சிக்கனமான வழியைக் கண்டார்கள். ஹைட்ரஜன் மிகுந்த சுடரால் இழையைச் சுமார் 20 நிமிடம் வருடினால் போதும். ஆனால் ஏறத்தாழ 1700 டிகிரி வெப்பம் இழையை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும் என்பதால் ஊறவைக்கும் முறையே நிலைத்தது. கூலியும் ஒரு பெருஞ்செலவு: பிளாஸ்டிக் பூச்சை உரித்து, எழுதி, மறுபடி பூச வேண்டும். அதைத் தவிர்க்க, இழை இழுக்கும் கோபுரத்திலேயே பூச்சு விழுவதற்கு முன் ஒற்றை லேசர் துடிப்பால் எழுதும் முறையை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 1993-இல் காட்டினார்கள். பின்னர் ஜெர்மனியின் ஜேனாவில் அது தொழிலாகவே வளர்ந்தது.

1989-க்குப் பின் வந்த இம்முறைகள் எல்லாவற்றிலும் புறஊதா லேசர் தங்கியே இருந்தது. அதையும் விலக்க வழி திறந்தது நெடுமீள்வுக் கீற்றணி. 1996-இல் வெங்சர்க்காரும் பெல் ஆய்வகக் குழுவினரும் விரிவாக வெளியிட்ட இவ்வகையில் வரி இடைவெளி சில நூறு மைக்ரோமீட்டர். இது ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. உள்ளகத்தில் செல்லும் ஒளியில் சில அலைநீளங்களை அதைச் சூழ்ந்த உறைக்குள் தள்ளிவிடும், அவை அங்கே கரைந்துபோகும். தேவையான துல்லியம் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு தளர்ந்ததால் எளிய கருவிகளுக்கும் இடம் கிடைத்தது. 1998-இல் கரியமில வாயு லேசரின் வெப்பத்தாலேயே புள்ளி புள்ளியாக எழுதிக் காட்டினார்கள்.

இன்னும் மலிவான வழி மின்வில். கேபிள் பணியாளர்கள் இரண்டு இழைகளை ஒட்டவைக்கும் ஸ்ப்ளைசிங் கருவியில் ஏற்கெனவே இரு மின்முனைகள் உண்டு. பூச்சு உரித்த இழையை அவற்றின் நடுவே நீட்டி, ஒரு முனையை நகரும் மேடையில் பிடித்து, மறுமுனையில் சில கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் மின்வில் பாய்ச்சி, இழையைச் சில நூறு மைக்ரோமீட்டர் நகர்த்தி, மறுபடி பாய்ச்ச வேண்டும். சில பத்து முறை இப்படிச் செய்தால், இழைவழியே வெளிவரும் ஒளியின் நிறமாலையில் பள்ளம் ஆழமாவது திரையில் தெரியும். போதுமான ஆழம் வந்ததும் நிறுத்திவிடலாம். கண்ணாடியின் உள்தகைவும் வடிவமும் அந்தந்த இடத்தில் மாறுவதால் இழை புறஊதாவுக்கு இணங்க வேண்டியதே இல்லை. தூய சிலிக்கா இழையிலும் எழுதலாம். புறஊதாக் கீற்றணி அழிந்துபோகும் வெப்பத்திலும் இது தாக்குப்பிடிக்கும். ஆனால் மின்முனைகள் தேயத் தேய வில்லின் போக்கு மாறுவதால் ஒன்றைப் போலவே இன்னொன்றைச் செய்வது கடினம். இம்முறையின் உண்மையான பலவீனம் அதுதான்.

வெப்பமும் இல்லாமல் செய்தவர்கள் உண்டு. 2000-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வரிப்பள்ளம் வெட்டிய தகட்டை இழைமேல் அழுத்தியே கீற்றணி உண்டாக்கினார்கள். தகட்டை எடுத்துவிட்டால் கீற்றணியும் மறையும். சாய்த்து வைத்தால் அலைநீளம் நகரும். போர்ச்சுகலில் பள்ளங்கள் உள்ள குழாயோடு இழையைச் சேர்த்துக் கயிற்றால் சுற்றியே இதைச் செய்தார்கள்.

மலிவான கீற்றணி விலை உயர்ந்ததற்கு மாற்றாகிவிடவில்லை. நெடுமீள்வுக் கீற்றணியின் பள்ளம் பல நானோமீட்டர் அகலம். இழை வளைந்தாலே நகர்ந்துவிடும். பாலத்திலோ குழாயிலோ வெப்பத்தையும் இழுவிசையையும் அளக்க, ஒரு டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும் பிராக் கீற்றணியே இன்றும் முதல் தேர்வு. அங்கே செலவு, நகர்வைப் படிக்கும் கருவிக்கு இடம்பெயர்ந்தது. அந்தச் செலவைக் குறைக்க நெடுமீள்வுக் கீற்றணியே உதவிக்கு வந்தது: அதன் சரிவான நிறமாலை விளிம்பு வழியே பிராக் கீற்றணியின் ஒளியைச் செலுத்தினால் அலைநீள நகர்வு ஒளிச்செறிவின் ஏற்ற இறக்கமாக மாறும்; அதை அளக்கச் சாதாரண ஒளியுணர் டயோடு போதும்.