சூலக்கல்லும் திருவாழிக்கல்லும்

சோழர் காலத்தில் ஓர் ஊர் இறையிலியாக்கப்பட்டால், அதாவது அரசுக்குச் சேரவேண்டிய வரி கோயிலுக்கோ பள்ளிக்கோ அந்தணர்க்கோ உரியதென விடப்பட்டால், அக்கொடை செப்பேட்டில் எழுத்தாகவும் ஊர் எல்லையில் குறியாகவும் பதிவாயிற்று. செப்பேட்டைப் படிக்கக்கூடியோர் மிகச் சிலரே; வரப்பில் நடந்த உழவனும் வரி தண்ட வந்தவனும் அறிய வேண்டியதைக் கல்லில் வெட்டிய குறியே அறிவித்தது.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்ததைக் கூறும் லெய்டன் பெரிய செப்பேடுகள் 21 ஏடுகளைக் கொண்டவை. அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையில் சோழரின் புலியோடு பாண்டியரின் இரட்டைக் கயலும் சேரரின் வில்லும், மேலே குடையும் சாமரங்களும் உள்ளன. வென்றவரின் சின்னத்துக்குப் பக்கத்தில் தோற்றவரின் சின்னங்களை வைத்துக் காட்டும் இம்முத்திரை, மன்னனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கும் வெற்றியை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. விளிம்பைச் சுற்றியுள்ள கிரந்த எழுத்துச் சுலோகத்தைப் படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கியிருக்கும்.

எல்லையை வகுக்கும் முறை இவ்வேடுகளிலேயே விரிவாகச் சொல்லப்படுகிறது. பெண் யானை ஒன்றை எல்லை நெடுக நடத்தி, அது சுற்றிவந்த வழியில் கல் நட்டுக் கள்ளியும் வைத்தனர்; இது 'பிடி சூழ்தல்' எனப்பட்டது. நட்ட கல்லில் என்ன குறி என்பதைக் கொண்டு நிலம் யாருடையது என்பது தெரிந்தது. சிவன் கோயிலுக்குரிய தேவதானத்தில் சூலம் பொறித்த சூலக்கல்லும், திருமால் கோயிலுக்குரிய திருவிடையாட்டத்தில் சக்கரம் பொறித்த திருவாழிக்கல்லும், சமணப் பள்ளிக்குரிய பள்ளிச்சந்தத்தில் அருகன் தலைக்கு மேல் காட்டப்பெறும் மூன்றடுக்குக் குடையைப் பொறித்த முக்குடைக்கல்லும் நின்றன.

நிலத்தோடு இவ்வழக்கம் நிற்கவில்லை என்பதுதான் இன்றைய வாசகரை உறுத்தக்கூடியது. தேவரடியார், அதாவது கோயிற்பணிக்கு உரியவராக்கப்பட்ட மகளிர், உடலிலும் சூலக்குறி இடப்பட்டது. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் காளத்திக் கோயில் கல்வெட்டொன்று, அக்கோயில் தேவரடியார் சிலருக்கு அரச முத்திரை இடப்பட்டுவிட்டதையும், முறையீட்டின்பேரில் அதை அழித்துச் சூலம் பொறிக்கப்பட்டதையும் குறிக்கிறது. இந்த முறையீடு எழுந்ததற்குக் காரணம், குறி இடப்பட்டது என்பதல்ல, தவறான உடைமையாளரின் குறி இடப்பட்டது என்பதே.

ஆகவே வயலோரத்துச் சூலக்கல்லைப் பக்திச் சின்னம் என்று மட்டும் விளக்குவது போதாது. யாருக்கு வரி, யாருக்கு உடைமை என்று அறிவிப்பதே அது நடப்பட்டதன் முதல் நோக்கம்.