பண்டாரம் என்னுஞ் சொல்

காவியுடுத்துத் திருநீறு பூசி ஓடேந்தித் தெருவில் இரந்து வருவாரைப் 'பண்டாரம்' என்றழைப்பது இந்நாள் வழக்கு. திருச்சிராப்பள்ளியில் மன்னார்புரம் முதல் மலைக்கோட்டை வீதிகள் வரை இவ்வழக்கைக் கேட்கலாம். 'பண்டாரம் பரதேசி' என இரு சொற்களையும் பிணைத்து, போக்கற்றவர் என்னும் பொருளில் இகழ்ந்துரைப்பாரும் உளர். ஆயின் இச்சொல்லைக் கொண்டே திருவாவடுதுறை ஆதீனத் தலைவர்கள் 'பண்டாரசந்நிதி' எனப் போற்றப்பெற்றனர். சித்தாந்த நூற்றொகுதி ஒன்று 'பண்டார சாத்திரம்' எனப் பெயர் கொண்டது. ஞானபீடத்துக்குரிய சொல் தெருவிற் கிடந்து மிதிபடுவது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வடமொழியிற் 'பாண்டம்' என்பது கலத்தையும் பொருளையும் குறிக்கும். அதனோடு இல்லம் என்னும் பொருளுடைய 'ஆகாரம்' சேர்ந்து 'பாண்டாகாரம்' என்றாகி, பாகதத்தில் முதலெழுத்துக் குறுகி 'பண்டாரம்' என வழங்கிற்று. எனவே பொருளைச் சேமித்து வைக்கும் இடம், அஃதாவது கருவூலம் என்பதே இதன் முதற்பொருளாம். வெண்மையைக் குறிக்கும் 'பாண்டரம்' என்பதே நீறு பூசியவர்க்குப் பெயராய்ப் பண்டாரம் எனத் திரிந்ததென்று கூறுதலும் உண்டு. அது பொருந்தாது. பாண்டரம் என்பதன் மூன்றாம் எழுத்துக் குறில். பண்டாரம் என்பதிலோ நெடில். அந்நெடில் வந்தமைக்குக் காரணங் காட்டல் இயலாது. அன்றியும் கல்வெட்டுக்கள் கருவூலப் பொருளையே தெளிவுறக் காட்டுகின்றன.

முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் நிறைவித்த தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களில் இறைவனுக்குரிய பொன்னும் மணியும் வைக்கப்பெற்ற இடம் 'ஸ்ரீபண்டாரம்' எனப்படுகின்றது. அதனைக் காக்க ஊர்தோறும் ஆள் வருவித்துப் பண்டாரிகளாக அமர்த்திய செய்தியும் அங்கே உண்டு. பொன்னுக்கே அன்றி நூலுக்கும் இப்பெயர் வழங்கிற்று. ஏடுகள் தொகுத்து வைத்த நூல்நிலையம் தில்லையிலும் திருவரங்கத்திலும் 'சரஸ்வதி பண்டாரம்' எனப்பட்டது. பொருட்செல்வம், கல்விச்செல்வம் என்னும் இரண்டிற்கும் உறைவிடமானதொன்றைக் குறித்த சொல், அருட்செல்வத்தின் உறைவிடத்தையும் குறிக்கத் தலைப்பட்டது இயல்பே.

இடத்தின் பெயர் ஆளுக்கு வந்தமை ஆகுபெயர் முறையாகும். கோயிற் கட்டளைகளையும் அறப்பொருள்களையும் துறவிகள் கண்காணித்தனர். தமக்கென ஒன்றும் இல்லாதவரிடத்தே சிவன்சொத்தை ஒப்புவித்தல் அச்சமற்றது என முன்னோர் கருதினர் போலும். அதனாற் கருவூலத்தின் பெயர் அதனைக் காத்த துறவிக்கு ஆயிற்று எனக் கொள்ளலாம். அடியார்கள் இதனையே, சிவஞானமாகிய நிதியைத் தம்முட் பொதிந்து பக்குவர்க்கு வழங்குவோர் என விரித்துக் கொண்டனர். இவ்விரு விளக்கங்களுள் முன்னது வரலாறு, பின்னது அன்பு; தம்முள் மாறுபாடில்லை. பதினேழாம் நூற்றாண்டிற் குமரகுருபர சுவாமிகள் தம் ஞானாசிரியரான தருமபுரம் மாசிலாமணி தேசிகர்மீது பாடிய பிரபந்தத்துக்குப் 'பண்டார மும்மணிக்கோவை' என்றே பெயரிட்டனர். பண்டார சாத்திரம் பதினான்கனுள் பத்து நூல்கள் திருவாவடுதுறை அம்பலவாண தேசிகர் அருளியவை. அக்காலத்தில் இச்சொல்லில் இழிவின் சாயல் சிறிதும் இருந்ததில்லை.

இதற்குத் திருச்சிராப்பள்ளி வரலாற்றிலேயே புறச்சமயச் சான்று ஒன்று உண்டு. மதுரையில் 1606-இல் வந்து தங்கிய இராபர்ட் தெ நொபிலி என்னும் கிறித்தவ குரவர் சந்நியாசி கோலம் பூண்டார். அக்கோலத்தில் எல்லா வகுப்பாரோடும் கலந்து பழகல் இயலாதாயிற்று. ஆகவே 1640-இல் அவர் சபையைச் சேர்ந்த பால்தசார் தா கோஸ்தா என்பார் 'பண்டாரசுவாமி' என்னும் பெயரும் கோலமும் மேற்கொண்டு திருச்சிராப்பள்ளிப் பகுதியிற் சமயப் பணி புரிந்தார். அயல்நாட்டார் ஒருவர் மக்களிடை மதிப்புப் பெறுதற்கும், வகுப்பு வேறுபாடு தடுக்காமற் செல்லுதற்கும் பண்டாரக் கோலத்தைத் தேர்ந்தனர் எனின், அந்நாளில் அதற்கிருந்த பெருமை விளங்கும்.

இச்சொல்லின் இருபொருளும் ஒருவரிடத்தே அமைந்தமைக்குத் தாயுமான சுவாமிகளே சான்று. 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கர் அரண்மனையில் அவர் பெருஞ்சம்பிரதியாக இருந்து அரசன் பண்டாரத்துக்குக் கணக்கு வைத்தவர். மௌனகுருவின் அருள்பெற்று அதனைத் துறந்து, அழியாப் பண்டாரத்தைத் தாமே ஆயினர். அக்குருவின் நினைவுடைய மௌன மடம் மலைக்கோட்டையைச் சார்ந்து தருமபுர ஆதீனத்தின் கீழ் விளங்குவதாம்.

இனி இச்சொல் தாழ்ந்தமை காண்பாம். துறவிக்கு ஐயம் ஏற்றல் ஒழுக்கம். 'நான்' என்னும் முனைப்பை அறுக்கும் பயிற்சி. வறியவனுக்கு இரத்தல் துன்பம், வயிற்றின் வருத்தம். செயல் ஒன்றாகத் தோன்றினும் கருத்து வேறு. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாதுவருடப் பஞ்சம் போன்ற காலங்களில் இரப்போர் தொகை பெருகியபோது, காவியும் நீறும் ஒருபிடி சோற்றுக்கு வழியாயின எனல் மிகையாகாது. காண்போர் கருத்தை நோக்காது செயலையே நோக்கினர், பெயர் பொதுவாயிற்று. 1886-இல் வெளிவந்த யூல், பர்னெல் என்பார் அகராதி பண்டாரம் என்பதற்கு இரந்துண்ணும் துறவி என்றே பொருள் கூறிற்று. கோயிலிற் பூத்தொடுத்தும் ஊர்த்தெய்வங்களுக்குப் பூசனை செய்தும் வாழும் ஒரு வகுப்பார்க்கும் இது குலப்பெயர். இச்சொல்லை வசையாக எறிவார் அவர்தம் நெஞ்சையும் புண்படுத்துகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

'போலிகள் மலிந்தமையாலன்றோ இச்சொல் கெட்டது? அவரை இகழ்தலிற் குற்றம் யாது?' என வினவலாம். திருமூல நாயனார் அவவேடம் பூண்டு சோறு தேடுவாரைக் கடிந்தது உண்மையே. வேடநெறியில் நில்லாரை நெறிப்படுத்தல் வேந்தன் கடன் என்றதும் உண்மையே. ஆயின் அவர் கடிந்தது போலியை, வேடத்தையன்று. மெய்ப்பொருள் நாயனார் வரலாறு இதனை ஐயமறத் தெளிவிக்கும். முத்தநாதன் புத்தகப் பொதியில் வாளை மறைத்து வந்து குத்திய போதும், அவனை வெட்ட எழுந்த தத்தனைத் தடுத்து, இவர் நமர் என்று ஊரெல்லை வரை காவலோடு போக்குவித்தவர் அவர். சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தைச் சிவாலயத்தோடு ஒருசேர வைத்து அரனெனத் தொழச் சொல்லுகின்றது. திருவேடத்துக்குரிய பெயரை வசைச்சொல்லாக்குதல் அச்சூத்திரத்துக்கு முரணாதல் சொல்லவேண்டா.

வேடமில்லா வறியவர்பால் நாம் செய்யத்தக்கது யாது? 1945-இற் சென்னை மாகாணத்திற் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் செயலைத் தடுக்கலாம்; பசியைத் தீர்த்தல் மாகேசுவர பூசை செய்வார் கடனாகவே நிற்கும். அவ்வறியவரை அவர்தம் பெயரால் அழைப்போம், 'ஐயா' என்போம். துறவிக்குரிய பெயரால் அவரை இழித்தலும், அவர் நிலையைக் காட்டித் துறவியை இழித்தலும் ஒருங்கே ஒழிக.

திருவானைக்காவின் புறமதிலைத் திருநீற்று மதில் என்பர். அதனை எடுத்த தொழிலாளர்க்கு இறைவன் சித்தராய் எழுந்தருளித் திருநீற்றையே கூலியாக அளித்தான் என்றும், அஃது அவரவர் உழைப்புக்கேற்பப் பொன்னாயிற்று என்றும் தலவரலாறு கூறும். நீற்றுப் பையன்றி வேறொன்றில்லாத வேடமே அன்று பண்டாரமாய் நின்றது. ஊரூர் பலிதேர்ந்த பிச்சாடன மூர்த்தியை வழிபடும் நாம், கடைவாயிலில் ஓடேந்தி நிற்பாரை நோக்கி இச்சொல்லை எடுக்குமுன் இதனை நினைதல் தகும்.

திருச்சிற்றம்பலம்.