தனி ஆளாக இணையத்தளம் அமைத்துத் தருவோர்: வேலை, கட்டணம், வரி, சேமநிதி

மலேசியாவில் ஒரு டியூஷன் மையமோ, திருமண மண்டபமோ, ஆலய நிர்வாகமோ இணையத்தளம் வைக்க முடிவு செய்தால், பெரும்பாலும் யாரோ ஒருவரின் அக்காள் மகனுடைய கைப்பேசி எண்தான் முதலில் கைமாறும். “அந்தப் பையன் வெப்சைட் செய்வான், கேட்டுப் பாருங்கள்” என்பார்கள். அந்தப் பையனுக்கு வயது நாற்பது இருக்கலாம். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் இருக்கலாம். சில வேளைகளில் அந்தப் பையன் ஒரு பெண்மணி. எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளத்தில் இல்லாமல், வாடிக்கையாளர்களிடம் நேரடியாக வேலை எடுத்து, தனி ஆளாக இணையத்தளம் அமைத்துப் பராமரித்தும் தருபவரை ஃப்ரீலான்ஸ் வெப் டெவலப்பர் என்கிறோம். இத்தொழிலில் இருப்போரும், இறங்க நினைப்போரும், இவர்களிடம் வேலை கொடுப்போரும் அறிந்திருக்க வேண்டிய விவரங்களை இங்கே தொகுத்திருக்கிறோம்.

வேலை எங்கே இருக்கிறது

பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றால் எழுதுகிறார்கள். பின்னால் இருந்து தகவலைச் சேமித்து எடுத்துத் தரும் பகுதிக்கு பிஎச்பி போன்ற மொழியும் ஒரு தரவுத்தளமும் வேண்டும். சிறு வணிகங்களுக்கான வேலையில் பெரும்பகுதி வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளின் மீது கட்டப்படுகிறது. 2003-இல் வெளிவந்த அது, இன்று உலக இணையத்தளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேலானவற்றை இயக்குகிறது. பொருள் விற்கும் தளம் என்றால் எஃப்பிஎக்ஸ் வழி வங்கிக் கட்டணம் பெற பில்பிளிஸ், ஐபே88 போன்ற கட்டண வாயில்களை இணைக்க வேண்டும்.

இவற்றைக் கற்றுக்கொள்ள வழிகள் நிறைய இருக்கின்றன. உண்மையில் நேரத்தைத் தின்பது வேறு. லோகோவைக் கேட்டால் புலனத்தில் அனுப்புவார்கள். அது சுருங்கி, ஓரம் மங்கி வந்து சேரும். ‘எங்களைப் பற்றி’ பக்கத்திற்கு நான்கு வரி எழுதித் தரச் சொன்னால் நான்கு வாரம் ஆகும். ஐந்து பக்கத் தளத்தை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். அதற்கான எழுத்தும் படமும் வந்து சேர மூன்று மாதம் பிடிக்கலாம். மூன்று மாதமும் அந்த வேலை மேசையில்தான் கிடக்கும், மீதிப் பணமும் அதனுடன் சேர்ந்து கிடக்கும்.

தமிழில் தளம் கேட்பவர்களின் வேலைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஹோம்’ என்ற சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் ‘தொடர்பு கொள்ள’ அடங்காது. எழுத்தின் மேலும் கீழும் கொக்கிகள் வருவதால் வரிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்ட வேண்டும்; கூட்டாவிட்டால் கைப்பேசியில் வரிகள் ஒன்றையொன்று உரசும். ஆலயங்களும் பழைய சங்கங்களும் தரும் மலர்க் கட்டுரைகள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அப்படியே ஒட்டினால் திரையில் பொருளற்ற ரோமன் எழுத்துகள்தான் தெரியும். அவற்றை மாற்றி, பிழை பார்த்து ஏற்றுவதற்கே தனி நாள் தேவை. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் போன்றவர்களால் கணினித் தமிழில் முன்னே நின்ற நாடு இது. ஆனாலும் இந்த மாற்று வேலைக்குத் தனிக் கட்டணம் கேட்டால் இங்கே பலருக்கும் வியப்பாக இருக்கிறது.

ஒரு நாள் எப்படிப் போகிறது

காலையில் முதல் வேலை, இரவில் எந்தத் தளமாவது விழுந்துவிட்டதா என்று பார்ப்பது. பிறகு மதியம் வரை நிரல் எழுதலாம். பிற்பகல் அழைப்புகளிலும் விலைக் குறிப்பு அனுப்புவதிலும் கரையும். மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையைத் தளத்துக்கு ஆள் குறைவாக வரும் நடு இரவுக்குத் தள்ளி வைப்பவர்கள் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் நாள் இன்னும் நீளும்: சிட்னி நம்மைவிட 2 அல்லது 3 மணி நேரம் முன்னால், லண்டன் 7 அல்லது 8 மணி நேரம் பின்னால். காலை 7 மணிக்கு ஒருவரிடமும் இரவு 10 மணிக்கு இன்னொருவரிடமும் பேசிவிட்டு, இடையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வருவார்கள்.

நாள் முழுக்க வீட்டில் இருப்பவரை அக்கம்பக்கத்தார் வேலை இல்லாதவர் என்றே நினைக்கிறார்கள். மின்கட்டணம் கட்டவும், பெரியம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகவும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் “மாப்பிள்ளைக்கு எங்கே வேலை?” என்ற கேள்விக்குச் சொல்லும் பதில் மாமனாருக்குப் புரிவதற்குள் தேநீர் ஆறிவிடும். வங்கியிலும் ஏறக்குறைய இதே கேள்விதான். சம்பளச் சீட்டு இல்லாதவரிடம் வீட்டுக் கடனுக்குப் பொதுவாகக் கேட்கப்படுபவை தொழில் பதிவு, ஆறு மாத வங்கி அறிக்கை, வருமான வரிப் படிவம், வரி கட்டிய ரசீது ஆகியவை. வரியைக் குறைப்பதற்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டியவர் இந்த மேசையில்தான் அதன் விலையைத் தெரிந்துகொள்கிறார்.

எவ்வளவு கேட்பது

மாதம் 4,000 ரிங்கிட் கையில் நிற்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையம், மென்பொருள் சந்தா, மடிக்கணினித் தேய்மானம், மருத்துவக் காப்புறுதி, சேமநிதி எல்லாம் சேர்த்து இன்னும் 1,000 ரிங்கிட். மாதத்தில் வேலை நாள் 22 என்றாலும், விலைக் குறிப்பு, கூட்டம், காசு கேட்டு அலைவது போக, கட்டணம் போடக்கூடிய நாள் 12 கிடைத்தால் நல்ல மாதம். 5,000-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 417 ரிங்கிட். ஆறு நாள் வேலைக்கு 2,500 ரிங்கிட் கேட்பதன் கணக்கு இதுதான். “ஐந்து பக்கம்தானே தம்பி, 500 போதாதா?” என்று கேட்கும் அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

சொந்தக்காரர்களுக்கும் ஆலயத்துக்கும் இலவசமாகச் செய்து தருவது நம்மிடையே வழக்கம். செய்யட்டும், ஆனால் அதற்கும் ஒரு விலைப்பட்டியல் எழுதி, முழுத் தொகையையும் கழிவாகக் காட்டிக் கொடுத்துவிடுவது நல்லது. அடுத்த ஆண்டு கூடுதல் வேலை வரும்போது பேச ஓர் எண் இருக்கும்.

ஃபைவர் போன்ற வெளிநாட்டுத் தளங்களில் வேலை எடுப்பவர், அத்தளம் 20 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வதையும் சேர்த்தே விலை வைக்க வேண்டும்.

பதிவும் வரியும்

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 1956-ஆம் ஆண்டு தொழில் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். இணையம் வழியாகவே செய்து முடிக்கலாம். சபா, சரவாக்கில் நடைமுறை வேறு. அங்கே உள்ளூர் வணிக உரிமம் எடுக்க வேண்டும்.

சம்பளம் மட்டும் வாங்குவோர் பிஇ படிவத்தை ஏப்ரல் 30-க்குள் அனுப்புகிறார்கள். தொழில் வருமானம் உள்ளவருக்கு பி படிவம், கெடு ஜூன் 30. பகலில் சம்பள வேலை பார்த்து, இரவில் தளம் செய்து தருபவரும் பி படிவம்தான் நிரப்ப வேண்டும். ஹோஸ்டிங், மென்பொருள், தொழிலுக்குப் பயன்பட்ட அளவுக்கு இணையக் கட்டணம் ஆகியவற்றைச் செலவாகக் கழிக்கலாம். கணினிக்கு மூலதனக் கழிவு உண்டு. ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வருமானம் நிலையாக வரத் தொடங்கியதும் உள்நாட்டு வருமான வரி வாரியம் சிபி500 என்ற கடிதம் அனுப்பும். அது அபராதக் கடிதம் அல்ல. ஆண்டு வரியை ஆறு தவணையாக முன்கூட்டிக் கட்டச் சொல்லும் அறிவிப்பு.

வாடிக்கையாளர் மெல்பர்னில் இருக்கிறார், பணம் பேபால் வழி வருகிறது, ஆகவே வரி இல்லை என்று நினைப்போர் உண்டு. ஈப்போவில் உட்கார்ந்து செய்த வேலைக்கான வருமானம் மலேசியாவில் ஈட்டியதுதான். மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வந்துள்ளது. சிறு தொழில்களுக்கான விலக்கு வரம்பு ஒருமுறைக்கு மேல் மாறியிருப்பதால், ஆண்டுத் தொடக்கத்தில் வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முதலாளி இல்லாதவரின் சேமநிதி

4,000 ரிங்கிட் சம்பளக்காரருக்கு மாதந்தோறும் அவர் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு, ஆக 960 ரிங்கிட் இபிஎஃப் கணக்கில் ஏறுகிறது. அதே வருமானம் உள்ள ஃப்ரீலான்சருக்குத் தானாக ஏறுவது எதுவும் இல்லை. பத்தாண்டு கழித்துப் பழைய நண்பருடன் கணக்கை ஒப்பிடும்போதுதான் இது உறைக்கும். இபிஎஃப்-இன் ஐ-சாரான் திட்டத்தில் 60 வயதுக்குட்பட்ட சுயதொழில் செய்வோர் சேர்ந்தால், தாங்களாகப் போடும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் சேர்த்துத் தருகிறது. ஆயுளுக்கும் உச்சவரம்பு 5,000 ரிங்கிட். முழு 500-ஐயும் பெற ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் போட்டால் போதும்.

2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவிலும் சேரலாம். முதலில் டாக்சி, இ-ஹெய்லிங் ஓட்டுநர்களுக்கு வந்த திட்டம், பிறகு தகவல் தொழில்நுட்பம் உட்பட 20 துறைகளுக்கு விரிந்தது. ஆண்டுச் சந்தா தேர்ந்தெடுக்கும் திட்டத்தைப் பொறுத்து 157.20 ரிங்கிட் முதல் 592.80 ரிங்கிட் வரை.

எழுத்தில் இருக்க வேண்டியவை

காசு வராமல் போவதுதான் இத்தொழிலின் பழைய நோய். முன்பணம் பாதி வாங்கி, மீதி வந்த பிறகே தளத்தைப் பொதுப் பார்வைக்கு ஏற்றுவது பலர் கடைப்பிடிக்கும் வழி. எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், உள்ளடக்கம் தராமல் எத்தனை நாள் இழுத்தால் கணக்கு முடிக்கப்படும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். அப்படியும் தராவிட்டால், 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே சிறு கோரிக்கை வழக்குத் தொடுக்கலாம். புலனத்தில் “சரி தம்பி, அடுத்த வாரம் போடுகிறேன்” என்று வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

யாருக்கு எது சொந்தம் என்பதில் இரு பக்கமும் தவறாக நம்புவது அதிகம். 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, கட்டணம் பேசிச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், செய்யச் சொன்னவருக்கே மாறியதாகக் கருதப்படும். தான் எழுதிய நிரலை இன்னொரு வாடிக்கையாளருக்கும் பயன்படுத்த நினைப்பவர் அதை ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும்.

வாடிக்கையாளர் பக்கத்து ஆபத்து டொமெய்ன் எனப்படும் இணைய முகவரி. வசதிக்காக அதை டெவலப்பர் தன் பெயரிலேயே, தன் மின்னஞ்சலிலேயே பதிந்துவிடுவார். ஆலயத்தில் நிர்வாகம் மாறும்; பழைய செயலாளருக்கும் புதியவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது; புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சலை யாரும் பார்க்க மாட்டார்கள். காலாவதியான முகவரியை வேறு யாரோ வாங்கிக்கொள்ள, திருவிழா அட்டவணை இருந்த இடத்தில் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். முகவரியும் ஹோஸ்டிங்கும் சங்கத்தின் அல்லது கடையின் பெயரில், தனி ஒருவருக்குரியதாக இல்லாத மின்னஞ்சலில் இருக்க வேண்டும். டெவலப்பருக்கு நுழைவு அனுமதி மட்டும் போதும்.

டியூஷன் மையத்தின் பதிவுப் படிவம் வழியாகப் பிள்ளைகளின் அடையாள எண்ணும் முகவரியும் தளத்தில் சேர்கின்றன என்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளே வருகிறது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு அறிவிக்கும் கடமை தரவை வைத்திருப்பவருக்கு உண்டு. திருத்தப்பட்ட சட்டம், அவர் சார்பில் தரவைக் கையாள்பவரும் நேரடியாகப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. தேவையில்லாத கட்டங்களைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுவதே மலிவான பாதுகாப்பு.

இனி எதில் பிழைப்பு

ஆயத்த வடிவங்களும் செயற்கை நுண்ணறிவும் மலிவு விலை ஐந்து பக்கத் தளங்களைச் சில நிமிடங்களில் எழுப்பிவிடுகின்றன. அந்த வேலையை மட்டும் நம்பி இருப்பவர் இடம் மாறத்தான் வேண்டும். தளத்தை மாதாமாதம் புதுப்பித்து, நகல் எடுத்து, ஊடுருவல் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு ஒப்பந்தம்தான் பலருக்கும் வீட்டு வாடகையைக் கட்டுகிறது. மாதம் 150 ரிங்கிட் தரும் பத்துக் கடைகள் இருந்தால் 1,500 ரிங்கிட் நிச்சயம். புது வேலை வராத மாதத்திலும் அரிசி வாங்கலாம்.

அப்படிப் பராமரிப்பவர் ஒருவரே என்பதால், அவர் திடீரென்று மருத்துவமனையில் படுத்துவிட்டால் பத்துக் கடைகளின் கடவுச்சொற்களும் அவருடனேயே முடங்கிவிடும். கடவுச்சொல் காப்பகம் ஒன்றில் அனைத்தையும் வைத்து, அவசர நேரத்தில் அதைத் திறக்கும் உரிமையை வாழ்க்கைத் துணைக்கோ, அதே தொழில் செய்யும் நம்பிக்கையான நண்பருக்கோ கொடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை கொடுக்கும்போது இந்த ஏற்பாடு இருக்கிறதா என்று வாடிக்கையாளரும் கேட்கலாம்.