கம்பியில்லா மிதிவண்டிக் கணினிகளில் மின்காந்தக் குறுக்கீடு

கம்பியில்லா மிதிவண்டிக் கணினி, நெஞ்சுப்பட்டை இதயத் துடிப்பு மானி ஆகியவற்றின் வலுக்குறைந்த குறிகைகள், அருகிலுள்ள மின்கருவிகளின் புலத்தால் குலைந்து பிழையான அளவுகளைக் காட்டுவது மின்காந்தக் குறுக்கீடு எனப்படும். நிறுத்தி வைத்த வண்டிக்கு வேகம் காட்டுவதும், மெதுவாக ஓட்டுபவருக்கு நிமிடத்துக்கு 230 துடிப்பு எனக் காட்டுவதும் இதன் அறிகுறிகள்.

காரணம்

பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களில் பரவலாக்கிய நெஞ்சுப்பட்டைகள், ஒவ்வொரு துடிப்புக்கும் சுமார் 5 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு காந்தத் துடிப்பை அனுப்பின. பழைய மிதிவண்டிக் கணினிகளிலும் இதே முறைதான்: ஆரக்கம்பியில் பொருத்திய காந்தம் உணரியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு செல்லும். குறியீடு இல்லாத அத்துடிப்புகளுக்கு அடையாளம் ஏதுமில்லை. ஏற்பி எதைக் கேட்டாலும் அதை எண்ணிவிடும். 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் நொடிக்கு 5 முறை சுழன்றால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர். ஒவ்வொரு இரு துடிப்புகளுக்கு இடையிலும் ஒரு போலித் துடிப்பு நுழைந்தால் அது 76 ஆகிவிடும்!

இக்காந்தப் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் தேய்வதால், தொலைவு இரட்டித்தால் வலு எட்டில் ஒரு பங்காகும். எனவே வீச்சு ஏறத்தாழ 1 மீட்டர்தான். உயர் மின்னழுத்தக் கம்பிகள், மின்தொடர்வண்டிப் பாதைகள், ஓடுபொறியின் மின்னோடி ஆகியவை இதை எளிதில் மூழ்கடிக்கும். கைப்பிடியில் கணினிக்கு அருகே மாட்டிய எல்.ஈ.டி. விளக்கும் அடிக்கடி காரணமாகிறது. அதன் மின்சுற்று மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தித் தொடங்குகிறது. விளக்கைச் சிறிது தள்ளி மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள்

ஏ.என்.டி.+, புளூடூத் கருவிகள் அடையாள எண்ணும் பிழைச் சோதனையும் கொண்ட பொதிகளை அனுப்புகின்றன. ஆகவே இவற்றில் குறுக்கீடு நேர்ந்தால் பொய்யான எண் தோன்றுவது அரிது. அளவு விட்டுவிட்டு மறையும். வேக உணரி மொத்தச் சுழற்சி எண்ணிக்கையையே அனுப்புவதால் இடையில் சில பொதிகள் தவறினாலும் தொலைவுக் கணக்கு கெடாது. ஆனால் இவ்வலைகளை நீர் உறிஞ்சிக்கொள்ளும். நீச்சலுக்கெனச் சில பட்டைகளில் பழைய 5 கிலோஹெர்ட்ஸ் முறையும் சேர்க்கப்பட்டிருப்பது இதனால்தான்.

பிரித்தறிதல்

குறிப்பிட்ட இடத்தைக் கடக்கும்போது மட்டும் அளவு தாவினால் அது பெரும்பாலும் குறுக்கீடே. பயிற்சியின் தொடக்கத்தில் தாவி, வியர்வை வந்தபின் அடங்கினால் காரணம் உலர்ந்த மின்முனை அல்லது செயற்கை இழைச் சட்டையின் நிலைமின்னாக இருக்கலாம். எனினும் சீரற்ற இதயத் துடிப்பும் இதே போன்ற எண்களைத் தரக்கூடும். ஆதலால் உயர்ந்த அளவைக் கருவிப்பிழை என உடனே ஒதுக்காமல், வண்டியை நிறுத்தி மணிக்கட்டு நாடியை 15 நொடிகள் எண்ணி 4 ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். நாடியும் அவ்வாறே விரைந்தாலோ சீர் தவறினாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தாலோ மருத்துவ உதவியை நாட வேண்டும்.