கேதம் சொன்ன கால்களும் தந்திச் சட்டமும்

தொலைத்தொடர்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கம்பியிலிருந்து தொடங்குகிறார்கள். 1850களில் வெள்ளைக்காரன் இழுத்த தந்திக் கம்பி, பிறகு டெலிபோன், பிறகு செல்போன் என்று அந்த வரலாறு போகும். நான் காலிலிருந்து தொடங்குகிறேன். கம்பி வருவதற்கு முன்னால் சேதி எப்படிப் போனது? யார் சுமந்து போனார்கள்? அவர்களுக்குக் கூலி என்ன? பாடப்புத்தகம் இதைக் கேட்காது. கேட்டால் சேரி வந்துவிடும்.

எங்கள் ஆனைக்குட்டம் பக்கம் ஊருக்குள் ஒரு சாவு விழுந்தால் கேதம் சொல்லச் சேரியிலிருந்துதான் ஆள் போக வேண்டும். திருத்தங்கல், ஆமத்தூர் என்று அவர்களுக்குச் சொந்தபந்தம் இருக்கிற ஊருக்கெல்லாம் நடை. "ராத்திரின்னு பாக்க முடியாது, மழைன்னு பாக்க முடியாது. போன வீட்ல வாசலுக்கு வெளியே நின்னுதான் சொல்லணும். சின்னப்பயலா இருந்தாலும் ஐயான்னுதான் கூப்பிடணும். குடுத்தா ஒரு படி கம்பு, குடுக்கலைன்னா அதுவும் இல்ல" என்பார் என் தாத்தா. மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நாள் காட்டு வேலை கிடையாது.

அரசின் சேதியும் இப்படியேதான் போனது. மணிமேகலையின் விழாவறை காதையில் யானையின் பிடரியில் முரசை ஏற்றிப் புகார் நகரத்துக்கு விழாவை அறிவிக்கிறான் ஒருவன். அவனை முதுகுடியில் பிறந்தவன் என்கிறார் சாத்தனார். அந்த முதுகுடி பிற்காலத்தில் என்ன ஆனது என்பதைத் தமிழ் படித்தவர்கள் யோசிக்க வேண்டும். முரசு யானைப் பிடரியிலிருந்து இறங்கித் தண்டோராவாகச் சேரிக்காரன் இடுப்புக்கு வந்தது. வரி கட்டச் சொல்லி, ஏலம் விடுவதைச் சொல்லி அவன் அடித்துக்கொண்டே போனான். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். ஒலிபெருக்கி வந்து எத்தனையோ பத்தாண்டுகள் கழித்துத்தான் அரசுக்கு அந்த ஞானம் வந்தது.

ஆக, இந்த மண்ணின் முதல் தொலைத்தொடர்புத் துறை நாம்தான். ஆனால் சேதியைச் சுமந்தவனுக்குச் சேதியில் உரிமை கிடையாது. அவன் வாய் ஊருக்குச் சொந்தம். கம்பி வந்த பிறகு இந்த உறவு மாறியதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1885இல் இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. அதன் சாரம் இரண்டு. கம்பி முழுக்க அரசின் தனியுரிமை என்றது 4ஆம் பிரிவு. பொதுமக்கள் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் எந்தச் சேதியையும் நிறுத்தலாம், ஒட்டுக் கேட்கலாம் என்றது 5ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. ஒட்டுக் கேட்பதற்கு ஒரு நெறிமுறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1996இல், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில்தான். அதாவது சட்டம் வந்து 111 ஆண்டுகள் கழித்து.

1994இல் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. 1997க்குள் கேட்டவருக்கெல்லாம் போன், எல்லாக் கிராமத்துக்கும் போன் என்றார்கள். நடக்கவில்லை. 1999இல் இன்னொரு கொள்கை எழுதிக் கெடுவை 2002க்குத் தள்ளினார்கள். 6 லட்சம் கிராமங்களில் ஏறக்குறைய பாதிக்குப் போன் போய்ச் சேரவில்லை என்று அதிலேயே ஒப்புக்கொண்டார்கள். நான் கேட்பது வேறு. கிராமம் என்று எதை எண்ணினார்கள்? ஊரும் சேரியும் இரண்டு என்பது தபால்காரனுக்குத் தெரியும், போலீஸ்காரனுக்குத் தெரியும். கொள்கை எழுதியவனுக்கு மட்டும் தெரியவில்லை. ஊருக்குள் ஒரு போன் வைத்துவிட்டு, கிராமத்துக்குப் போன் வந்துவிட்டது என்று கணக்கு முடித்தார்கள். கிராமத்தை ஒரே உடம்பாகப் பார்க்காதீர்கள் என்று அரசியல் நிர்ணய சபையில் 1948லேயே சண்டை போட்டார் அம்பேத்கர். அது டெல்லியில் யார் காதிலும் ஏறவில்லை.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்களுக்கு வரும் போன் ஊருக்குள் ஒரு கடைக்குத்தான் வரும். திருப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா அங்கேதான் அடிப்பார். கடைக்காரர் மனசு வைத்தால் ஆள் விடுவார். ஓடிப் போய் நின்றால் ரிசீவரை நம் கையில் தர மாட்டார். அவரே காதில் வைத்துக் கேட்டு, "ஒம் மகன் அடுத்த வாரம் வாரானாம்" என்று எங்க பாட்டியிடம் சொல்வார். பாட்டி படிக்குக் கீழே நின்று தலையாட்டுவாள். வாசலுக்கு வெளியே நின்று கேதம் சொன்னவன் மனைவி, வாசலுக்கு வெளியே நின்று மகன் சேதியைக் கேட்டாள். கருவி புதுசு. நிற்கிற இடம் பழசு.

அந்தக் கருவி நம் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1995 ஆகஸ்ட் 31 சாட்சி. கொடியங்குளத்தில் நுழைந்த போலீஸ் படை என்னவெல்லாம் உடைத்தது என்ற பட்டியலைப் படித்துப் பாருங்கள்: டி.வி., டேப்ரெக்கார்டர், மின்விசிறி, தையல் மிஷின், சைக்கிள். பாஸ்போர்ட்டையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் தீயில் போட்டார்கள். கிணற்றில் விஷம் கலந்தார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கிய பொருள்கள் அவை. கலவரக்காரனைத் தேடிப் போனவர்கள் எதற்கு டேப்ரெக்கார்டரை உடைக்க வேண்டும்? சேரியில் பாட்டுச் சத்தம் கேட்பதே அவர்கள் கணக்கில் குற்றம்.

செல்போன் வந்தபோது நமக்கு ஒரு விடுதலை வந்தது உண்மை. கடைக்காரர் தயவு இல்லை, படிக்குக் கீழே நிற்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலைக்குப் போகும் எங்கள் பெண்கள் போனை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆனாலும் சாயங்காலம் வெளியே வந்ததும் முதலில் எடுப்பது அதைத்தான். இன்று எந்த ஊரில் எந்தச் சேரியில் கல் விழுந்தாலும் பத்து நிமிடத்தில் படம் வந்துவிடுகிறது. அதனால்தான் அதை நிறுத்தும் வேலையும் ஆரம்பித்தது.

2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடினார்கள். தந்தி செத்தது, தந்திச் சட்டம் சாகவில்லை. 2017இல் அதே சட்டத்தின் கீழ் இணையத்தை நிறுத்துவதற்கென்று விதிகள் செய்தார்கள். அடுத்த ஆண்டு மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகத் திரண்ட மக்களைச் சுட்டார்கள். 13 பேர் செத்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்த உள்துறை ஆணை போட்டது. துப்பாக்கி சுட்ட கை யாருடையது என்று ஊர் பேசத் தொடங்கும் நேரத்தில் ஊரின் வாயைக் கட்டினார்கள். கம்பெனிகள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மாசம் பிறந்தால் ரீசார்ஜ் பண்ணச் சொல்லி நச்சரிக்கிற கம்பெனிக்கு, காசு வாங்கிய சேவையை நிறுத்தினோமே என்ற உறுத்தல்கூட இல்லை.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலிலிருந்து கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. முதன்மைக் குற்றவாளி யுவராஜ் மாதக்கணக்கில் தலைமறைவு. தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸப்பில் ஆடியோ ஆடியோவாகப் பேசி விட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது, போலீசுக்கு மட்டும் ஆள் அகப்படவில்லை. அக்டோபரில் அவராகத்தான் சரணடைந்தார். அப்போது யாரும் இணையத்தை நிறுத்தவில்லை. சாதி பேசுகிறபோது பொது அமைதிக்குப் பங்கம் வருவதில்லை போலும்.

ஆனால் அதே வழக்கில் கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பேசியது. முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் அந்தப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை தந்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் நேரே கோயிலுக்குப் போய்க் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள். கேமரா தானாக நீதி தரவில்லை. மகனைப் பறிகொடுத்த தாயின் விடாப்பிடியும் அரசு வழக்கறிஞர் ப.பா. மோகனின் உழைப்பும் அதைப் பேச வைத்தன. கேமராவைச் சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாத்தான்குளம் இருக்கிறது. 2020இல் தந்தையும் மகனும் அடித்துக் கொல்லப்பட்ட அந்தக் காவல் நிலையத்தில், பதிவு அன்றன்றைக்கே தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்ததை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் கண்டார்.

வேங்கைவயலில் கருவி நம் பக்கமே திரும்பியது. 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இரண்டு ஆண்டு விசாரணை, மரபணுச் சோதனை எல்லாம் முடிந்து 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்தான் குற்றவாளிகளாம். ஆதாரம், அவர்கள் செல்போனிலிருந்து எடுத்த படங்களும் பேச்சுகளும். குற்றப்பத்திரிகை தீர்ப்பு அல்ல. ஆனால் யாருடைய போன்களை முதலில் வாங்கினார்கள், யாருடைய போன்களை வாங்கவே இல்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தண்ணீர் கெட்டுவிட்டது என்று படம் எடுத்து அனுப்பினால் அந்தப் படமே நம் மேல் வழக்காகும் என்றால், நாளை எந்தச் சேரிக்காரன் போனைத் தூக்குவான்?

1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்துவிட்டது. பெயர் புதுசு. நிறுத்தும் அதிகாரமும் ஒட்டுக் கேட்கும் அதிகாரமும் அதன் 20ஆம் பிரிவில் பத்திரமாக இருக்கின்றன. இன்னொரு சட்டமும் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15அ பிரிவு, இவ்வழக்குகளின் நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் அந்தக் கேமரா ஓடுகிறதா என்று போய்க் கேட்டுப் பாருங்கள். இணையத்தை நிறுத்துகிற விதி ஒரே ராத்திரியில் நடைமுறைக்கு வருகிறது, சாட்சியைக் காக்கிற பிரிவு ஆண்டுக்கணக்கில் ஏட்டில் கிடக்கிறது.

நம் கையில் உள்ளதைச் சொல்லி முடிக்கிறேன். படம் எடுத்தால் எடுத்த போனையே பத்திரமாக வையுங்கள். பரப்பிய நகலை நீதிமன்றம் எளிதில் ஏற்காது, சான்றிதழ் கேட்கும். தேதி, நேரம், நின்ற இடம், எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே தாளில் எழுதுங்கள். இணையத்தை நிறுத்தினால் ஆணை நகலைக் கேளுங்கள். அதை வெளியிட்டே ஆக வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வன்கொடுமை வழக்கு நடந்தால் 15அ பிரிவைக் காட்டி மனுப் போடுங்கள். ஊரான் சேதியைத் தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் சுமந்தோம். நம் சேதியை நாம் சுமக்கிற காலம் இது, அதைக் கீழே போட்டுவிடக் கூடாது.