எக்கச்சக்கம் என்றால் எவ்வளவு?

சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். ரோப் கார் வந்துவிட்டபோதிலும், படியேறித்தான் நரசிம்மரைச் சேவிப்பது என்று வீறாப்பாகப் புறப்பட்டவன் பாதி வழியிலேயே ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இளைப்பாறிய பெரியவர் ராணிப்பேட்டையில் தோல் மண்டியொன்றில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர்.

"முன்னெல்லாம் இந்தப் பக்கம் கழுகு எக்கச்சக்கமா இருந்ததுங்க" என்றார். செத்த மாட்டைத் தோலுரித்து ஊர்ப்புறத்தில் போட்டால், மிச்சத்தை அவைதான் தீர்த்துவைக்குமாம்.

"எக்கச்சக்கம் என்றால் எவ்வளவு, ஐயா?"

"அதைக் கேட்டா எப்படிங்க? தோல் எத்தனை வந்ததுன்னு கேளுங்க, சொல்றேன்!"

பெரியவர்மேல் தப்பில்லை. சென்னைப் பட்டாளத்து வைத்தியர் ஜெர்டன் துரை 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலிலும் வெண்முதுகுக் கழுகு சர்வசாதாரணம் என்ற தோரணைதான். ஒருவருக்குப் பத்து இருந்தால் சாதாரணம். இன்னொருவருக்கு ஆயிரம் வேண்டும். சீமையில் செடிகொடி ஆராய்ந்தவர்கள் இந்தச் சங்கடத்துக்காக 'ஆதிக்கம், மிகுதி, அடிக்கடி, எப்போதாவது, அரிது' என்று ஐந்து படிகள் கட்டினார்கள். ஆனால் படியின் உயரம் ஆளுக்கு ஆள் மாறியது. நான் மட்டும் என்ன? என் கதைகளில் 'எண்ணற்ற' பறவைகளைப் பறக்கவிட்டவன்தானே!

1990களில் கழுகுகள் மடியத் தொடங்கின. மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள்; 2006-இல் கால்நடைக்கு அதைத் தயாரிக்க அரசாங்கம் தடை விதித்தது. எவ்வளவு கழுகு போயிற்று என்று எப்படித் தெரிந்தது? பரத்பூர் சரணாலயத்தில் 1987-88-லேயே ஒருவர் பொறுமையாகக் கூடுகளை எண்ணிவைத்திருந்தார். வடக்கே பல சாலைகளில் 1990களின் தொடக்கத்தில் வண்டியில் போய் எண்ணியவர்கள், பிற்பாடு அதே சாலைகளில் மறுபடியும் எண்ணினார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுக் கழுகு ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது என்று கணக்கு வந்தது. பெரியவரின் எக்கச்சக்கத்திலிருந்து எதைக் கழிப்பது?

2009-இல் 'டார்வின் கோர்' என்று ஒரு பொதுப் பதிவுமுறை ஏற்பட்டது. இன்று அதில் எண்ணுக்கு ஒரு கட்டம். அந்த எண் தலையா, கூடா, இத்தனை சதவீதமா என்பதற்கு இன்னொரு கட்டம். தேடியும் தென்படாவிட்டால் 'இல்லை' என்று எழுதவும் இடம் உண்டு. வெற்றிடம் வேறு, 'இல்லை' வேறு. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது.

மலை உச்சியில் குரங்குகளிடமிருந்து மூக்குக்கண்ணாடியைக் காப்பாற்றிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். தேதி, இடம், பார்த்த நேரம் இரண்டு மணி என்று எழுதினேன். பெரியவர் எட்டிப் பார்த்து, "கழுகுன்னு ஒரு வரி போடுங்க" என்றார்.

போட்டேன். எதிரே: பூஜ்யம்.