பேட்டரி மாற்றியும் வண்டி ஸ்டார்ட் ஆகலையா? பழைய பிக்அப் ஓனர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்!

அதிகாலை 3 மணி. மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய காய்கறி லோடு ஏற்றியாச்சு. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம். இன்ஜின் அசையவே இல்லை. குட்டி யானையோ, வேறு பிக்அப்போ, பத்து பதினைந்து வருஷம் ஓடிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த சத்தம் நன்றாகத் தெரியும்.

“பேட்டரி போச்சு, மாத்திடுங்க” என்பதுதான் வழக்கமாக வரும் முதல் பதில். ஆயிரக்கணக்கில் செலவு செய்து புது பேட்டரி போட்டு, பத்து நாளில் மறுபடியும் அதே ‘டிக்’ வந்தால்? கோளாறு பேட்டரியில் இல்லாமல், அதிலிருந்து கரண்ட் போய் வரும் வழியில் இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

மூன்று அளவுகள்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12 வோல்ட் பக்கம் இருந்தால் சார்ஜ் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. அடுத்து, செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். முழு சார்ஜ் இருந்தும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம். கடைசியாக, இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால் டைனமோ சார்ஜ் தரவில்லை, அல்லது அதன் பெல்ட் வழுக்குகிறது. அந்த நிலையில் எத்தனை புது பேட்டரி போட்டாலும் வீண்தான்.

பலரும் பார்க்காத எர்த்

பழைய வண்டிகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். வண்டியில் இருக்கும் பெரும்பாலான பல்பு, மோட்டார் எல்லாவற்றுக்கும் கரண்ட் திரும்பி வரும் பாதை, வண்டியின் இரும்பு பாடியும் சேஸிஸும்தான். மழைத் தண்ணீர், சேறு, மீன் லோடில் இருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து எர்த் வயர் போல்ட்டைத் துருப்பிடிக்க வைத்துவிடும். வெளியில் பார்த்தால் நன்றாக இறுகியிருப்பது போலத்தான் தெரியும்.

பிரேக் மிதித்தால் இன்டிகேட்டர் மங்கலாக எரிகிறதா? இன்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் சேர்ந்து மினுக்குகிறதா? பல்பை மாற்றாதீர்கள். அந்த லைட்டின் எர்த் வயர் எங்கே முறுக்கப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். சரியான வழி கிடைக்காத கரண்ட், பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கிறது.

செல்ஃப் மோட்டாருக்கும் இதே கதைதான். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், இன்னொன்றை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை காட்டினால் பரவாயில்லை. 0.5-ஐத் தாண்டினால் எர்த் கேபிளோ அதன் போல்ட்டோ சரியில்லை. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, திரும்ப முறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். செலவு ஒரு டீக் காசு!

இங்கே ஒரு விஷயம். லோடு இல்லாமல் அளந்தால், ஒரே ஒரு இழையில் தொங்கும் வயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும். அதனால்தான் பழைய எலக்ட்ரீசியன்கள் இன்றைக்கும் ஒரு பல்பில் இரண்டு வயர் கோர்த்து கையில் வைத்திருக்கிறார்கள். பல்பு பளிச்சென்று எரியாவிட்டால் அந்த வயர் நம்பத் தகுந்ததல்ல.

ஒரு நாள் நின்றாலே பேட்டரி இறங்குகிறதா?

சாவியை எடுத்து, எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் காலி. 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அரை ஆம்பியர் காட்டினால், இரண்டு நாளில் 24 ஆம்பியர் மணி போய்விடும். 50 ஆம்பியர் மணி பேட்டரியில் அது கிட்டத்தட்ட பாதி. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. பிறகு பொருத்திய பாட்டு செட், ஹாரன், கூடுதல் லைட் இவற்றை முதலில் பாருங்கள். எந்த பியூஸை எடுத்தும் குறையாவிட்டால், டைனமோவுக்குள் இருக்கும் டையோடு கசிகிறதா என்று எலக்ட்ரீசியனிடம் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் செய்யவே கூடாது

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவை ‘டெஸ்ட்’ பண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் வோல்டேஜ் எகிறி, நன்றாக இருந்த டைனமோவும் போய்விடும். வேலை செய்யும்போது நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். சார்ஜ் ஏறும் பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது, அடிக்கடி போகும் 15 ஆம்பியர் பியூஸுக்குப் பதில் 30 போடுவது, அல்லது செம்புக் கம்பியைச் சுற்றுவது. அதன்பிறகு ஷார்ட் ஆனால் எரிவது பியூஸ் இல்லை, டேஷ்போர்டுக்குள் ஓடும் வயர். வயர் கருகும் வாடை வந்தால் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். தீயோ புகையோ இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றலாம். புகை வந்தால் எல்லோரும் வண்டியை விட்டு விலகி நின்று, தீயணைப்புத் துறைக்கு 101-ல் போன் போடுங்கள்.